ஆரஞ்சு பஸ் நின்ற இடம்

அத்தியாயம் 6

சுவரில் ஒட்டியிருந்த எழுத்துகளை அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. நல்ல பசை.

‘கூட்டத்தைக் கவரும் ஆர்வத்தில் விமானி திரும்பத் தாமதித்ததால் நேர்ந்த விபத்து.’

அந்த விமானி அவளுடைய அப்பா. இருபது வருடங்களுக்கு முன், இதே மைதானத்தில், இதே விமானக் கண்காட்சியில், ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ரன்வேயின் கோடியில் இருக்கும் மண்மேட்டில் மோதி இறந்துபோனவர். அப்போது இவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சின்னப் பெண். இப்போது பல் டாக்டர். கண்காட்சிக்கு இது பொன்விழா. அதன் கதையைப் படங்களாக மாட்டி ஒரு வரலாற்றுக் கூடம் அமைத்திருக்கிறார்கள். நாளைக் காலை திறப்பு. அதற்குள் இந்த வரி பொய்யென்று நிரூபிக்க வேண்டும் என்றுதான் எங்களைத் தேடி வந்திருந்தாள்.

எங்களை என்றால் மேடத்தையும் என்னையும். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, மூழ்கிய படகு என்று ஊரார் நஷ்டத்தையெல்லாம் அளந்து அளந்து, யார் என்ன சொன்னாலும் ‘அப்படியா?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தையே பிறகு துப்பறியும் தொழிலாக்கிக்கொண்டார். நான் அவருடைய உதவியாளன். நாற்பதை நெருங்குகிறேன், முன்மண்டையில் முடி ஒவ்வொன்றாக விடைபெறுகிறது. எந்நேரமும் அவர் பின்னாலேயே போவதால் எனக்கு ‘வால்’ என்று பெயர்.

“அம்மா திறப்பு விழாவுக்கு வரமாட்டேன்னுட்டாங்க,” என்றாள் பல் டாக்டர். “இந்த வரி அவங்களுக்கு மனப்பாடம். ‘எங்க ரெண்டு பேரையும் நெனச்சிருந்தா உங்கப்பா அப்படிப் பறந்திருப்பாரா? கைதட்டல்தான் அவருக்குப் பெரிசா போச்சு’ன்னு இன்னைக்கும் சொல்றாங்க. அப்பா பேச்சை எடுத்தாலே கோவம்தான்.”

வழக்கு இதுதான். செத்துப்போனவருக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதைவிட, உயிரோடு இருக்கும் அம்மாவுக்கு அவருடைய புருஷன் திரும்பக் கிடைக்க வேண்டும். எனக்குக் கேலி பேச வரும், ஆனால் அவள் அதைச் சொன்னபோது வரவில்லை.

கூடத்து அதிகாரி கண்ணாடி போட்ட சாது. எங்கள் மேல் அவருக்குக் கோபமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. விசாரணைக் குழு சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம், வேறு காரணம் இருந்தால் காட்டுங்கள், சாயங்காலத்துக்குள் மாற்றிவிடுகிறேன் என்றார். மேடம் ‘அப்படியா?’ என்றார். பிறகு, முதல் படத்திலிருந்து பார்த்துக்கொண்டு வரலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

முதல் படத்தில் ஒரு கயிறு, ஒரு கூடாரம், இரண்டு பழைய விமானங்கள். பறக்கும் கிளப்பைச் சேர்ந்த சிலர் தங்களிடம் இருந்த விமானங்களை விற்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிய சந்தை அது. விமானம் விற்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்து அசந்துபோய், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த படத்தில் வெளிநாட்டு விமானங்கள். அதற்கடுத்ததில் ஒரு பெரிய பயணிகள் விமானம் வந்து நிற்கிறது. வாசலிலிருந்து வால் வரை வரிசை. எதற்கென்று கேட்டேன். உள்ளே இருந்த கழிவறையைப் பார்க்க என்றார் அதிகாரி.

பிறகு வியாபாரம் பெரிதாகிவிட்டது. கூடாரங்கள் போய்ப் பெரிய அரங்குகள். இன்ஜின் விற்பவன், டயர் விற்பவன், இருக்கையின் பட்டை மட்டும் விற்பவன் என்று உலகமே வந்து கடை விரித்திருக்கிறது. முதல் நாட்கள் வாங்க வருபவர்களுக்கு, கடைசி நாட்கள் பார்க்க வருபவர்களுக்கு. ரன்வே ஓரத்தில் வரிசையாக விருந்தினர் கூடாரங்கள்: ஒவ்வொரு கம்பெனியும் தன்னிடம் வாங்கப்போகிறவர்களை உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, மேலே தன் விமானம் குட்டிக்கரணம் அடிப்பதைக் காட்டும். ஒரு வருடம் முழுக்க மழை. ஒரு விமானமும் பறக்கவில்லை. அந்த வருடம்தான் விற்பனை அதிகமாம். எங்கேயும் போக முடியாமல் கூடாரத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

“பெண் பார்க்கப் போய் மழையில மாட்டினவன் கதை,” என்றேன்.

மேடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எல்லாப் படங்களிலும் ஒரே பொருளை விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழைய பஸ். ஒவ்வொரு கண்காட்சியிலும், ரன்வேக்கும் கூடாரங்களுக்கும் நடுவே புல்லில் நின்றுகொண்டிருந்தது. நிறம் பெரிதாகத் தெரிவதற்காக, சக்கரமே தெரியாதபடி தரை வரைக்கும் ஆரஞ்சுத் துணி வேறு கட்டியிருந்தார்கள்.

அது என்னவென்று அதிகாரி விளக்கினார். மேலே அந்த வேகத்தில் போகும் விமானிக்குக் கீழே எல்லாம் கோடு கோடாகத்தான் தெரியும். இந்த பஸ் ஒன்றுதான் புள்ளி. பஸ்ஸுக்கு நேர் மேலே வந்தால் ஏறு, பஸ்ஸைத் தாண்டினால் திரும்பு என்று எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். ஒத்திகை தொடங்கும் நாளன்று நிறுத்தினால், கண்காட்சி முடியும் வரை அதை யாரும் தொடக்கூடாது. மாற்றம் ஏதாவது இருந்தால் காலையில் விமானிகள் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். கூட்டம் முடிந்தபிறகு ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக்கூடாது என்பது சட்டம்.

பக்கத்தில் ஒரு திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. விமானிகள் நாலைந்து பேர் சிமெண்ட் தரையில், கண்ணை மூடிக்கொண்டு, கைகளை இறக்கை மாதிரி சாய்த்துச் சாய்த்து நடக்கிறார்கள்.

“பேய் பிடிச்சிருக்கா சார் இவங்களுக்கு?” என்றேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. பறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விமானியும் தன் ஆட்டம் முழுவதையும் தரையில் இப்படி நடந்து பார்ப்பார், அப்போது யாரும் பேசக்கூடாது, குறுக்கே போகக்கூடாது, அவர் மனம் ஏற்கனவே மேலே போயிருக்கும் என்றார். ஒரு விமானிக்குக் குழந்தை பிறந்த செய்தியோடு ஓடிவந்த மெக்கானிக்கூட, அவர் நடந்து முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றானாம்.

“இந்த நடை எங்கே நடக்கும்?” என்று கேட்டார் மேடம்.

“ரன்வேக்கு அந்தப் பக்கம், விமானங்களை நிறுத்துற கடைசி ஹேங்கருக்குப் பின்னாடி. அங்கே தனி அனுமதி வேணும். இங்கே இருந்து பார்த்தா தெரியாதுங்க.”

மேடம் அதற்கும் ஒரு ‘அப்படியா’ போட்டுவிட்டு விபத்து வருடத்தின் படத்துக்கு வந்தார். விபத்து நடந்த அன்று காலை, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து எடுத்த பெரிய வண்ணப்படம். கூட்டம், கூடாரங்கள், புல்வெளி, வலது ஓரத்தில் ஆரஞ்சு பஸ். சாதாரணப் படம். நாள் முழுக்கப் பார்த்திருந்தாலும் எனக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

“வால், உன் வீட்டுக்கு எதிரில ஒருத்தர் காரை உறை போட்டு நிறுத்திட்டு வெளியூர் போனாரே, திரும்பி வந்து எடுத்தப்போ தரை எப்படி இருந்தது?”

“புல்லெல்லாம் மஞ்சளா செத்துப்போய்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன்.

படத்தின் நடுவில், பச்சைப் புல்லில், ஒரு மஞ்சள் செவ்வகம். பஸ் அளவு. அதன்மேல் எதுவும் நிற்கவில்லை. பஸ் அங்கிருந்து இரண்டு கூடாரம் தள்ளி, மண்மேட்டுப் பக்கமாக, பச்சைப் புல்லின்மேல் நின்றுகொண்டிருந்தது.

பல் டாக்டர் படத்துக்கு மிக அருகில் போய் நின்றாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்ப வேண்டும், திரும்பினால் மேடு தப்பும். அப்பா சரியாக பஸ்ஸைத் தாண்டித்தான் திரும்பியிருக்கிறார். பஸ்தான் சரியான இடத்தில் இல்லை. அன்றைக்கு முதலில் பறந்தது அவர்தான், அதனால் மற்ற எவருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. விபத்துக்குப் பிறகு, சிதறிய துண்டுகள் பட்டுக் காயமடைந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டிகளில் அந்த பஸ்ஸும் ஒன்று என்றார் அதிகாரி. அது எங்கே நின்றது என்று பிறகு யார் கேட்கப்போகிறார்கள்?

“அப்பா கரெக்டா பறந்திருக்காரு,” என்றாள் அவள். இன்னொரு தடவையும் அதையே சொன்னாள். முகம் அப்படியே சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு முகத்தைப் பார்ப்பது அபூர்வம், நான் மனதுக்குள் வழக்கை முடித்து மூட்டை கட்டிவிட்டேன்.

மேடம் கட்டவில்லை. மஞ்சள் செவ்வகத்துக்கு நேர் பின்னால் இருந்த கூடாரத்தின் உச்சியைக் காட்டி, அந்தப் பறவைச் சின்னம் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டார்.

“அப்பா விமானம் ஓட்டின கம்பெனிதான்,” என்றாள் பல் டாக்டர். “சித்தப்பாவும் அங்கதான் விற்பனைப் பிரிவுல இருந்தாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும், யார் நகர்த்தச் சொன்னாங்கன்னு. இருங்க, வரச் சொல்றேன்.” போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “நேத்து அவர் என்ன சொன்னார்?”

நேற்று சித்தப்பாவைப் பார்த்திருந்தோம். அப்பாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல், அண்ணன் குடும்பமே தன் குடும்பம் என்று இருந்துவிட்டவர். இவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், பல் டாக்டராக்கியதும் அவர்தான். ஞாயிறு தவறாமல் அண்ணி கையால் சாப்பாடு. சுவரில் எழுதியதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டாம், விட்டுவிடு பாப்பா என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விபத்தன்று காலையிலிருந்து விருந்தினர் கூடாரத்தைவிட்டு ஓரடிகூட நகரவில்லை, அதனால் தனக்கு எதுவும் தெரியாது என்றார். கிளம்பும்போது அண்ணன் மகள் கண்கலங்கியதைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக ஒன்று சொன்னார். அதை அப்படியே மேடத்திடம் திருப்பிச் சொன்னேன்.

“‘கடைசியா பார்க்கறப்போ கண்ணை மூடிகிட்டு நடந்துகிட்டிருந்தாரு பாப்பா. சிரிச்ச முகமா இருந்தாரு’ன்னு…”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. கூடாரத்தை விட்டு நகராதவர், ரன்வேக்கு அந்தப் பக்கம், ஹேங்கருக்குப் பின்னால், அண்ணன் சிரித்த முகத்தை எப்படிப் பார்த்தார்?

“மேடம், இதோட நிறுத்திக்கலாம்,” என்றேன். “பஸ் நகர்ந்திருக்கு. அது போதும். அந்த வரி போயிடும். அந்தப் பொண்ணுக்கு இருக்கறது அம்மாவும் அந்த மனுஷனும்தான்.”

“யார் நகர்த்தினாங்கன்னு அதிகாரி கேட்பாரு. தானா நகர்ந்துச்சுன்னு சொல்றியா?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “எனக்கும் பிடிக்கலை, வால்,” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பா கண்காட்சிக்குள்தான் இருந்தார், பழைய கம்பெனி ஆட்கள் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் விருந்தினர் அட்டையோடு, மெலிந்த உடம்பு, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. பல் டாக்டர் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

“பாருங்க சித்தப்பா. பஸ்ஸை யாரோ நகர்த்தியிருக்காங்க. அப்பா மேல தப்பே இல்ல.”

அவர் படத்தைப் பார்த்தார். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் ஆச்சரியப்படத் தெரியாத மனிதர். நல்ல நடிகராக இருந்திருந்தால் அந்த நிமிடம் தப்பித்திருப்பார். மஞ்சள் செவ்வகத்தின்மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை.

மேடம் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. விரல் நீட்டவில்லை. பக்கத்தில் போய் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அண்ணன் நடந்துகிட்டிருந்தப்போ எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?”

அவர் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பல் டாக்டர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள், புரிந்துகொள்ளத் தொடங்கினாள்.

அவரே சொன்னார். அன்று ஒரு வெளிநாட்டுக் குழு வருவதாக இருந்தது. அந்த விற்பனையை முடித்தால்தான் அவருக்கு அந்த வேலையில் எதிர்காலம். கூடாரத்தில் நாற்காலிகளைப் போட்டபிறகுதான் பார்த்திருக்கிறார், பஸ் நேர் எதிரில் நின்று ரன்வேயை மறைத்தது. அண்ணன் இறங்கும் அழகைத்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும், அதுதான் தெரியாது. விமானிகள் கூட்டமோ முடிந்துவிட்டது. மைதான மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டார். அவர் முதலில் முடியாது என்றார். முதலில் பறக்கப்போவது எங்கள் அண்ணன்தான், நான் அவர் தம்பி, நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று இவர் சொன்னதும் அந்த மனிதர் நம்பிவிட்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். தம்பியை நம்பாமல் யாரை நம்புவது?

“ஜீப் எடுத்துகிட்டு ஹேங்கருக்குப் போனேன்,” என்றார். “அண்ணன் நடந்துகிட்டிருந்தாரு. கண்ணை மூடிகிட்டு. அந்த நேரத்துல யாரும் கூப்பிடக்கூடாது. பறக்கக் கத்துகிட்ட நாள்லேருந்து அவரு இப்படி நடக்கறதப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? நின்னேன். முடியட்டும்னு நின்னேன். அதுக்குள்ள கூடாரத்துலேருந்து வயர்லெஸ்ல கூப்பிட்டாங்க, குழு வந்தாச்சுன்னு. சொல்லாமலே திரும்பிட்டேன். மேற்பார்வையாளர் எப்படியும் ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லிடுவாருன்னு நெனச்சுகிட்டேன். நான் சொல்லிட்டேன்னு அவரு நெனச்சுகிட்டாரு.”

அந்த மேற்பார்வையாளரும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். விபத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதே இல்லையாம்.

“ஒரு வார்த்தை,” என்றார் சித்தப்பா. “‘அண்ணே’ன்னு கூப்பிட்டிருந்தா கண்ணைத் தொறந்திருப்பாரு. கோவிச்சிருப்பாரு. அவ்வளவுதான்.”

வெளியே ஏதோ விமானம் ஒத்திகைக்காக ஏறி, அதன் சத்தம் அடங்கியது.

“விசாரணையில ஏன் சொல்லல?” என்று கேட்டாள் பல் டாக்டர். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“முதல்ல பயம் பாப்பா. ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு. அப்புறம் சொல்லிடலாம்னு ஒரு நாள் துணிஞ்சு வீட்டுக்கு வந்தேன். நீ யூனிஃபார்ம் போட்டுகிட்டு நின்னுகிட்டிருந்தே. ஸ்கூல்ல விட ஆள் இல்ல. கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் என் விரலைப் பிடிச்சுகிட்டே வந்தே. அதுக்கப்புறம் என்னால முடியல.”

அவரை வெறுக்க நான் முயன்றேன், ஒரு குற்றவாளி கிடைத்தால் வெறுப்பதுதான் எங்கள் வழக்கம். முடியவில்லை. செய்த தவறு ஒரு நிமிடத்தது. ஆனால் அண்ணன் மேல் விழுந்த பழியை ஒவ்வொரு ஞாயிறும் அதே மேஜையில் உட்கார்ந்து, அண்ணி பரிமாற, கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறாரே, அதை என்ன சொல்வது?

பல் டாக்டர் அவருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவர் முழங்காலில் கை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். எங்கே வைப்பதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

“அம்மாகிட்ட இதை நான் சொல்லமாட்டேன் சித்தப்பா,” என்றாள். “நீங்கதான் சொல்லணும். இப்பவே.”

கூடத்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு பிளேடு எடுத்துவந்து, சுவரில் இருந்த அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்தெடுக்க ஆரம்பித்தார். என்ன எழுத வேண்டும் என்று மேடத்திடம் கேட்டார். பஸ் இடம் மாறியதை எழுதுங்கள், விமானி தன் கணக்கில் தவறவில்லை என்று எழுதுங்கள் என்றார் மேடம். யார் மாற்றியது என்பதை அந்தக் குடும்பம் எழுதச் சொன்னால் எழுதலாம்.

அம்மா வீட்டுக்கு நான்தான் காரை ஓட்டினேன்.

மூன்றாவது மாடி. அம்மா கதவைத் திறந்தபோது கையில் காய்ந்த துணிகள் இருந்தன. சித்தப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா தம்பி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே. சாப்பிட்டியா?”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எங்களிடம் சொன்னதைவிடக் குறைவாகவே சொன்னார், எதையும் மறைக்கவில்லை. பஸ்ஸை நகர்த்தச் சொன்னவன் நான் என்றார். சொல்லப் போய், சொல்லாமல் திரும்பியவனும் நான் என்றார். அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் எப்போதும் போலத்தான் திரும்பினார், வீட்டுக்கு வரத்தான் திரும்பினார் என்றார்.

அம்மா கையிலிருந்த துண்டை நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்தார். திரும்ப மடித்தார். மகள் ஓரடி முன்னால் வந்தாள், மேடம் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“கைதட்டலுக்காக இல்லையா?” என்று கேட்டார் அம்மா.

“இல்ல அண்ணி.”

அம்மா சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார். கொழுந்தனைப் பார்த்த பார்வையில் நான் பயந்த வெறுப்பு இல்லை, களைப்பு இருந்தது.

“நீ அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன் தம்பி. மூஞ்சியிலேயே முழிக்காதேன்னு சொல்லியிருப்பேன். சொல்லிட்டு, அவருக்காக அழுதிருப்பேன்.” துண்டை மடிமேல் வைத்துக்கொண்டார். “அவர் மேல இருந்த கோவத்துல நான் இன்னும் அழவே இல்லப்பா.”

மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். ஒரு மாடி இறங்குவதற்குள் அந்த அழுகை தொடங்கிவிட்டது.